யார் இந்த ஹனா கிமுரா? ஜப்பானில் சட்டத்தையே மாற்ற வைத்த 22 வயது டிவி பிரபலம்!

சமூக வலைதளத்தில் ஒருவரைத் திட்டி கமெண்ட் போட்டால் ஜப்பானில் ஓராண்டு வரை சிறைத் தண்டனை கிடைக்கலாம். 2022-ல் இந்த மாற்றம் வரக் காரணமாக இருந்தது ஓர் இளம்பெண்ணின் மரணம். யார் அவர்? அப்படி என்னதான் நடந்தது?

அம்மா வழியில் மல்யுத்தம்

1997 செப்டம்பர் 3-ம் தேதி யோகோஹாமாவில் பிறந்தவர் ஹனா கிமுரா. ஹனா என்றால் ஜப்பானிய மொழியில் 'பூ'. தாய் கியோகோ கிமுரா பிரபல மல்யுத்த வீராங்கனை. தந்தை இந்தோனேசியாவைச் சேர்ந்தவர்.

2016-ல் தொழில்முறை மல்யுத்தத்துக்கு வந்த ஹனா, 'ஸ்டார்டம்' என்ற பெண்கள் மல்யுத்த நிறுவனத்தில் முன்னணி வீராங்கனை ஆனார். பிங்க் நிற முடி, அதிரடி வில்லி கேரக்டர்... ரசிகர்களுக்கு இது போதாதா? 2019-ல் அந்த நிறுவனத்தின் முக்கியமான '5 ஸ்டார் கிராண்ட் பிரிக்ஸ்' தொடரையும் வென்றார். 2020 ஜனவரி 4-ம் தேதி டோக்கியோ டோமில் களமிறங்கும் வாய்ப்பும் கிடைத்தது.

ஒரே வீடு, 6 பேர்

ஹனாவை உலகம் முழுக்கக் கொண்டு சேர்த்தது 'டெரஸ் ஹவுஸ்' ரியாலிட்டி ஷோ. 3 ஆண்கள், 3 பெண்கள் ஒரே வீட்டில் வசிப்பார்கள். ஸ்கிரிப்ட் எதுவும் கிடையாது என்பதுதான் நிகழ்ச்சியின் அடையாளமே. ஃபுஜி டிவி, நெட்ஃப்ளிக்ஸ் இரண்டிலும் இது வெளியானது. 2019-ல் ஹனா அந்த வீட்டுக்குள் போனார்.

பிரச்னை ஓர் உடையில் தொடங்கியது. டோக்கியோ டோமில் அணிந்த மல்யுத்த உடையை ஹனா வாஷிங் மெஷினிலேயே மறந்து விட்டுவிட, உடன் தங்கியிருந்த இளைஞர் அதைக் கவனிக்காமல் தன் துணிகளோடு சேர்த்து உலர்த்திவிட்டார். உடை சுருங்கிப் போனது. கோபத்தில் கத்திய ஹனா, அவர் தலையில் இருந்த தொப்பியைத் தட்டிவிட்டார். அவ்வளவுதான்!

2020 மார்ச் இறுதியில் இந்தக் காட்சி வெளியானதும் வசவுகள் குவிந்தன. ரிங்கில் பார்த்த 'வில்லி'தான் நிஜ ஹனா என்று பலர் முடிவு கட்டிவிட்டார்கள். மே மாதம் அதே காட்சி ஃபுஜி டிவியிலும் ஒளிபரப்பானது. மே 23-ம் தேதி ஹனா தன் உயிரை மாய்த்துக்கொண்டார். வயது 22. சில நாட்களில் நிகழ்ச்சி ரத்து செய்யப்பட்டது.

அபராதம் வெறும் 9,000 யென்

போலீஸ் விசாரணைக்குப் பிறகு, அவமதிப்பு குற்றத்துக்காக 2 பேருக்குத் தலா 9,000 யென் அபராதம் விதிக்கப்பட்டது. நம்ம ஊர் மதிப்பில் அப்போது சுமார் 6,000 ரூபாய்.

ஏன் இவ்வளவு குறைவு? ஜப்பானில் அவதூறு வேறு, அவமதிப்பு வேறு. ஒருவரைப் பற்றி குறிப்பிட்ட ஒரு தகவலைப் பரப்பி பெயரைக் கெடுத்தால் அவதூறு, தண்டனை அதிகம். வெறுமனே திட்டினால் அவமதிப்பு. அதற்கு இருந்த தண்டனை 30 நாட்களுக்கும் குறைவான காவல் அல்லது 10,000 யென்னுக்கும் குறைவான அபராதம் மட்டுமே. ஓராண்டுக்குள் வழக்கு தொடராவிட்டால் அதுவும் இல்லை.

மாறியது என்ன?

கியோகோ சும்மா இருக்கவில்லை. சட்டத்தைக் கடுமையாக்கக் கோரி போராடினார். 2022 ஜூனில் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. ஜூலை 7 முதல் அமலுக்கு வந்தது. இப்போது ஓராண்டு வரை சிறை அல்லது 3 லட்சம் யென் வரை அபராதம். வழக்கு தொடரும் காலக்கெடு 3 ஆண்டுகள். அரசியல்வாதிகளை விமர்சிப்பவர்கள் மீது இது பாயுமோ என்ற எதிர்ப்பும் எழுந்ததால், 3 ஆண்டுகள் கழித்து மறுஆய்வு செய்ய வேண்டும் என்ற நிபந்தனையும் சேர்க்கப்பட்டது.

சேனலின் பொறுப்பு?

ஹனாவை அப்படி நடந்துகொள்ள வற்புறுத்தவில்லை என்றது ஃபுஜி டிவி. ஒளிபரப்பு நெறிமுறை அமைப்போ 2021 மார்ச்சில், மனித உரிமை மீறல் இல்லை என்றாலும், ஹனாவின் மனநிலையைப் போதிய அளவு கருத்தில் கொள்ளாதது நெறிமுறைப்படி தவறு என்று கூறியது. அதாவது, கமெண்ட் போட்டவர்கள் மட்டுமல்ல, காட்சியை ஒளிபரப்பியவர்களும் கேள்விக்கு உட்பட்டவர்கள்தான்.

(தற்கொலை எதற்கும் தீர்வல்ல. மன அழுத்தம் இருந்தால் 104 அல்லது 14416 என்ற எண்ணில் ஆலோசனை பெறலாம்.)