கொலி நாயின் உரோமத்துக்குள் நடுவர் எதைத் தேடுகிறார்?

பிள்ளைகளே, நாய்க் கண்காட்சியில், கொலியைப் போலவே தோன்றும் ஷெல்டி என்ற சிறிய மேய்ப்பு நாயை ஒரு மேசையின் மேல் ஏற்றி நிறுத்துவார்கள். நடுவர் முதலில் கொஞ்சம் தள்ளி நின்று அதன் முழு உருவத்தையும் பார்ப்பார். பிறகு கிட்ட வந்து தன் கையை நீட்டி, நாய் மோந்து பார்க்கும்வரை பொறுத்திருப்பார். அதற்குப் பிறகுதான் உண்மையான வேலை. அவருடைய பத்து விரல்களும் கழுத்து உரோமத்துக்குள் புதைந்து போகும். கண் வேறெங்கோ இருக்கும், விரல்தான் பார்த்துக்கொண்டிருக்கும்.

ஏன் அப்படி? கொலிக்கும் ஷெல்டிக்கும் உரோமம் இரண்டு அடுக்கு. வெளியே நீளமான, முரட்டு உரோமம். உள்ளே பஞ்சு மாதிரி மென்மையான, நெருக்கமான உரோமம். சீப்புப் பிடிக்கத் தெரிந்த ஒருவர் இதை வாரி விட்டால் ஒடுங்கிய நெஞ்சும் அகன்றதாகத் தெரியும், நேரான தோளும் அழகாகச் சரிந்ததாகத் தெரியும். கண்ணை இப்படி ஏமாற்றலாம், விரலை ஏமாற்ற முடியாது. தோள் எலும்பு எந்தச் சாய்வில் இருக்கிறது, விலா எப்படி வளைகிறது, பின்னங்காலில் தசை இருக்கிறதா என்பதெல்லாம் தொட்டால்தான் தெரியும். கொலி பெரிய நாய் என்பதால் அதைத் தரையில் நிற்க வைத்தே தொட்டுப் பார்ப்பார்கள்.

இந்த இரண்டு இனத்திலும் தலைக்குத்தான் தனி மரியாதை. நடுவர் தலையை இரண்டு உள்ளங்கைகளிலும் ஏந்திப் பார்ப்பார். மேலிருந்து பார்த்தாலும் பக்கத்திலிருந்து பார்த்தாலும் அது மழுங்கிய ஆப்பு வடிவத்தில் இருக்க வேண்டும். மண்டையின் மேற்கோடும் மூக்கின் மேற்கோடும் சமாந்தரமாக ஓட வேண்டும். கண்ணின் உள்மூலைதான் தலையின் நடு. அங்கிருந்து மூக்கு நுனிக்கும் பிடரிக்கும் ஏறக்குறைய ஒரே தூரம். காது பாதிக்கு மேல் நிமிர்ந்து, நுனி மட்டும் முன்னால் மடிந்திருக்கும். பிறகு உதட்டை விலக்கிப் பல்லைப் பார்ப்பார். வளர்ந்த நாய்க்கு 42 பற்கள். மேல் முன்பற்கள் கீழ்ப் பற்களைக் கத்தரிக்கோல் அலகு போல ஒட்டி மூட வேண்டும்.

அடுத்தது ஓட்டம். மெல்ல நடக்கும்போது இடது கால்களும் வலது கால்களும் தனித்தனிக் கோடுகளில் விழும். வேகம் கூடக் கூட நான்கு பாதங்களும் உடம்பின் நடுக்கோட்டை நோக்கி நெருங்கி வரும். உடம்பின் பாரம் பக்கவாட்டில் ஆடாமல் இருக்க இதுவே வழி. ஆட்டுக்குப் பின்னால் நாள் முழுக்க ஓட வேண்டிய நாய்க்கு ஒவ்வோர் ஆட்டமும் வீண் களைப்பு. உங்கள் வீட்டு நாயை ஈர மணலில் ஓட விட்டு அடிச்சுவட்டைப் பாருங்கள், நீங்களே கண்டுகொள்ளலாம்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. நடுவர் முதலில் ஒரு நாயை மற்ற நாயோடு ஒப்பிடுவதில்லை. ஒவ்வொரு நாயையும் எழுதி வைக்கப்பட்ட இன இலக்கணத்தோடு ஒப்பிடுகிறார். ஷெல்டி ஆண் நாய்க்கு 37 சென்ரிமீற்றர் உயரம், பெண் நாய்க்கு 35.5 என்று பிரித்தானிய இலக்கணம் சொல்கிறது. இரண்டரை சென்ரிமீற்றருக்கு மேல் கூடினாலும் குறைந்தாலும் பெரிய குறை. ஆண் கொலிக்கு 56 முதல் 61 வரை. இந்த உயரத்தைத் தலையிலிருந்து அளக்கக் கூடாது. கழுத்து முடியும் இடத்தில் தோளின் உச்சியிலிருந்து தரை வரை அளக்க வேண்டும்.

ஷெல்டியைக் குட்டிக் கொலி என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். அது தவறு. ஸ்கொட்லாந்தின் பெருநிலத்துக்கும் வடக்கே, 60 பாகை அகலக்கோட்டில், காற்று ஓயாத ஷெட்லண்ட் தீவுகளில் ஆடும் சிறிது, குதிரையும் சிறிது, நாயும் சிறிது. 1909இல் இங்கிலாந்தின் நாய்ச் சங்கமான கென்னல் கிளப் இந்த இனத்தை ஏற்றபோது ஷெட்லண்ட் கொலி என்றுதான் பெயர். கொலி வளர்ப்பவர்கள் அதை விரும்பவில்லை. 1914இல் ஷெட்லண்ட் மேய்ப்பு நாய் என்று பெயர் மாறியது. ஆனாலும் அந்தக் காலத்தில் கொலியோடு கலந்து வளர்த்திருக்கிறார்கள். அதனால் இன்றும் ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகள் வேறு வேறு உயரத்துக்கு வளர்வதுண்டு.

இனி நம் ஊருக்கு வருவோம். இலங்கையில் கென்னல் அசோசியேஷன் ஒஃப் ஸ்ரீ லங்கா நாய்க் கண்காட்சிகளை நடத்துகிறது. ஸ்கொட்லாந்துக் குளிருக்கென்று வளர்ந்த உரோமத்தோடு ஒரு கொலி கொழும்பிலிருந்து கண்டிப் பக்கம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 1867இல் கண்டிக்கு ஓடத் தொடங்கிய புகையிரதம் மூச்சுப் பிடித்து ஏறிய அதே மலையில், கடுகண்ணாவைக் கணவாயில், வாகனமும் ஏறும். கடுகண்ணாவை கடல் மட்டத்திலிருந்து சுமார் 500 மீற்றர் உயரம். ஆயிரம் மீற்றர் ஏறினால் வெப்பம் ஏறக்குறைய ஆறரை பாகை குறையும். ஆக, கடுகண்ணாவையில் கொழும்பை விட மூன்று பாகை அளவுக்குக் குளிர்ச்சி.

நமக்கு அது சுகமாக இருக்கும். நாய்க்குப் போதுமா? நாம் உடம்பு முழுக்க வியர்க்கிறோம். நாய்க்குப் பாதத்தின் அடியில்தான் வியர்க்கும், அதனால் பெரிய பயனில்லை. அது நாக்கை நீட்டி இளைக்கும்போது நாக்கிலும் மூக்கினுள்ளும் உள்ள ஈரம் ஆவியாகி உடம்பின் சூட்டை எடுத்துச் செல்கிறது. கொலியின் நீண்ட மூக்கு இங்கே உதவுகிறது, உள்ளே ஈரப்பரப்பு அதிகம். ஆனால் மலைநாட்டுக் காற்றில் ஏற்கனவே ஈரப்பதன் நிறைய. ஈரமான காற்றில் எதுவும் மெதுவாகத்தான் ஆவியாகும். மழை நாளில் துணி காயாததற்கும் இதுவே காரணம். எனவே வெயில் ஏறுமுன் கொலிகளைக் கண்காட்சி வளையத்துக்குள் அழைத்துவிட வேண்டும், நிழலில் நிறுத்த வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருப்பேன். நம் தெருவில் படுத்திருக்கும் குட்டை உரோம நாய்தான் இந்த நாட்டு வெப்பத்துக்கு ஏற்ற உடம்போடு பிறந்தது.

அப்படியென்றால் கொலிக்கு மொட்டையடித்துவிடலாமா? கூடாது. வெளி உரோமம் வெயில் தோலில் படாமல் தடுக்கிறது. உதிர்ந்து சிக்கிக் கிடக்கும் உள் உரோமத்தை வாரி எடுத்தாலே காற்றுப் போகும்.

நடுவரின் விரலுக்கு எட்டாத விடயங்களும் உண்டு. எனக்கு இந்தப் பகுதிதான் மிக முக்கியமாகப் படுகிறது.

சில கொலிகள் சாம்பல் நீலத்தில் கறுப்புத் திட்டுகளோடு பளிங்கு போல இருக்கும். நீல மெர்ல் என்பார்கள். நிறமியோடு தொடர்புடைய ஒரு பரம்பரையலகில், அதாவது மரபணுவில், கூடுதலாக ஒரு துண்டு செருகிக்கொண்டதால் வரும் நிறம் இது. 2006இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இதைக் கண்டறிந்தார்கள். தாளில் இரண்டுக்கு இரண்டாக நான்கு கட்டங்கள் போடுங்கள். தந்தையிடம் அந்த மரபணுவின் ஒரு மெர்ல் பிரதி, ஒரு சாதாரணப் பிரதி. தாயிடமும் அப்படியே. இருவரிடமிருந்தும் குட்டிக்கு ஒவ்வொரு பிரதி போகும். நான்கு கட்டங்களில் ஒன்றில் இரண்டு மெர்ல் பிரதிகளும் சேர்ந்துவிடும். அந்தக் குட்டி பெரும்பாலும் வெள்ளையாகப் பிறக்கும். காது கேளாமலோ கண் தெரியாமலோ போகும் ஆபத்து அதிகம். உள்காது வேலை செய்யவும் நிறமிக் கலங்கள் தேவை என்பதுதான் காரணம். அழகான இரண்டு மெர்ல் நாய்களைச் சேர்த்தால் இன்னும் அழகான குட்டி கிடைக்கும் என்ற ஆசை, ஒரு குட்டியின் வாழ்நாள் துன்பமாக முடியலாம். பதக்கம் வென்ற நாய்களானாலும் அப்படிச் சேர்ப்பதை நான் ஏற்க மாட்டேன்.

இன்னொன்று மூளையைப் பற்றியது. மூளையின் இரத்தக் குழாய்ச் சுவரில் ஒரு புரதம் இருக்கிறது. ஓட்டைத் தோணிக்குள் ஏறும் தண்ணீரை அள்ளி வெளியே ஊற்றுவது போல, மூளைக்குள் நுழையப் பார்க்கும் சில மருந்துகளை அது திருப்பி வெளியே தள்ளும். பல கொலிகளில் இந்தப் புரதத்தை உண்டாக்கும் மரபணுவின் குறியீட்டில் நான்கே நான்கு எழுத்துகள் காணாமற் போயிருக்கின்றன. 2001இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இதைக் கண்டுபிடித்தார்கள். கொலிகளில் பத்துக்கு ஏழு நாய்களிடம் இந்தக் குறையின் ஒரு பிரதியாவது இருக்கிறது என்பது அந்தப் பல்கலைக்கழகத்தின் கணக்கு. ஷெல்டிகளில் அது குறைவு, நூற்றுக்குப் பதினைந்து அளவில்.

இதனால் என்ன கெடுதல்? சொறிக்கும் புழுவுக்கும் பயன்படும் ஐவர்மெக்டின் என்ற மருந்து மற்ற நாய்கள் தாங்கும் அளவிலேயே இந்த நாயின் மூளைக்குள் சேர்ந்துவிடும். நாய் தள்ளாடும், வாயில் நீர் வடியும், மயங்கும், இறக்கவும் கூடும். மாடு ஆடுகளுக்கு வைத்திருக்கும் மருந்தைக் கொஞ்சம் எடுத்து நாய்க்கும் கொடுப்பவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். கடுகண்ணாவையிலிருந்து பிலிமத்தலாவை வழியாகக் கண்டிக்குப் போகும் அதே வீதியில்தான் பேராதனை இருக்கிறது. அங்கே பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய பீடம் இருக்கிறது. கொலிக்கு எந்த மருந்தையும் மிருக வைத்தியரிடம் கேட்காமல் கொடுக்காதீர்கள். கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தடவி எடுத்தாலே இந்தக் குறை இருக்கிறதா என்று ஆய்வுகூடத்தில் சொல்லிவிட முடியும்.

கண்ணிலும் ஒரு பரம்பரைக் குறை உண்டு. விழித்திரைக்குப் பின்னால் இரத்தக் குழாய் நிறைந்த படை சரியாக வளராமல் போவது. குட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரம் இருக்கும்போது வைத்தியர் கண்ணுக்குள் ஒளி பாய்ச்சிப் பார்த்தால் தெரியும். வளர வளர நிறமி படர்ந்து சில நாய்களில் அந்த இடம் மறைந்துவிடும். ஆனால் மரபணு மறைவதில்லை, அடுத்த குட்டிக்குப் போகும். கண்காட்சி வளையத்தில் பளபளவென்று நிற்கும் நாயின் கண்ணைப் பார்த்து நடுவரால் இதைச் சொல்ல முடியாது.

உங்கள் வீட்டில் கொலிக் குட்டியோ ஷெல்டிக் குட்டியோ வாங்கப் போகிறார்கள் என்றால் தாய் தந்தை நாய்கள் வாங்கிய பதக்கங்களைப் பார்த்துவிட்டுப் பின் மூன்று கேள்விகள் கேட்கச் சொல்லுங்கள். இரண்டும் மெர்ல் நிறமா? மருந்து மரபணுப் பரிசோதனை செய்தார்களா? குட்டியின் கண்ணை எத்தனையாவது வாரத்தில் வைத்தியர் பார்த்தார்?