மூழ்கிப்போன அடகு: ரஷ்யா சில வங்கியாளர்களின் கைக்குப் போனது எப்படி?

1996 ஜனவரியில் ரஷ்ய அதிபர் போரிஸ் யெல்த்சினுக்கு இருந்த மக்கள் ஆதரவு, பத்து சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. சம்பளமும் ஓய்வூதியமும் மாதக்கணக்கில் பாக்கி. செச்னியாவில் போர். அதிபருக்கோ இதய நோய். முந்தைய மாதம் நடந்த நாடாளுமன்றத் தேர்தலில் கம்யூனிஸ்ட் கட்சி முதலிடம் பிடித்திருந்தது. அதே யெல்த்சின், ஜூலை 3 அன்று நடந்த அதிபர் தேர்தலின் இரண்டாம் சுற்றில் சுமார் 54 சதவீத வாக்குகளுடன் வென்றார். இடைப்பட்ட ஆறு மாதங்களில் நடந்ததைக் கவனித்தால், ஒரு கைப்பிடிப் பணக்காரர்கள் ஒரு நாட்டின் ஆட்சிக்குள் எப்படி நுழைகிறார்கள் என்பது புரியும்.

பணம் கொடுத்து ஓட்டு வாங்குவதுதான் நமக்கு முதலில் நினைவுக்கு வரும். ரஷ்யாவில் நடந்தது அதைவிட ஆழமானது. கஜானா காலியாகி அரசாங்கம் கடனுக்கு வந்து நின்ற நேரத்தில், கடன் கொடுத்தவர்கள் தங்கள் சொத்தையும் அதிபரின் நாற்காலியையும் ஒரே முடிச்சில் கட்டிவிட்டார்கள். நாற்காலி போனால் சொத்தும் போய்விடும் என்ற நிலை வந்தபிறகு, அந்த நாற்காலியைக் காப்பாற்ற அவர்கள் எதையும் செய்யத் தயாராக இருந்தார்கள்.

இந்த முடிச்சு விழுவதற்கான தரை 1992லேயே தயாராகிவிட்டது. சோவியத் ஒன்றியம் கலைந்த சில நாட்களில், ஜனவரி 2 அன்று, பெரும்பாலான பொருட்களுக்கு இருந்த விலைக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. அந்த ஓர் ஆண்டில் விலைவாசி ஏறத்தாழ 26 மடங்கானது. ஆயுள் முழுக்க உழைத்து அரசின் சேமிப்பு வங்கியில் போட்டுவைத்த பணம் செல்லாக்காசானது. அதே ஆண்டு அக்டோபரில், அரசுத் தொழிற்சாலைகளில் மக்களுக்கும் பங்கு உண்டு என்று சொல்லி, ஆளுக்கொரு வவுச்சர் தரும் திட்டம் தொடங்கியது. முகமதிப்பு 10,000 ரூபிள். ஒரு வவுச்சர் இரண்டு வோல்கா கார்களுக்குச் சமமாகும் என்று தனியார்மயத்துக்குப் பொறுப்பேற்றிருந்த அனத்தோலி சுபைஸ் நம்பிக்கை கொடுத்தார். மெட்ரோ நிலைய வாசல்களில் ‘வவுச்சர் வாங்கப்படும்’ என்று எழுதிய அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஆட்கள் நின்றார்கள். வீட்டில் ரொட்டிக்கே வழியில்லாதவர்கள், சில வோட்கா பாட்டில்களின் விலைக்கு அதை அவர்களிடம் விற்றுவிட்டுப் போனார்கள். பசியோடு இருப்பவர் கையில் பங்குப் பத்திரத்தைக் கொடுத்தால் அது அவர் கையில் தங்காது என்பது, திட்டம் போட்டவர்களுக்குத் தெரியாமல் இருந்திருக்க முடியாது என்றே நினைக்கிறேன்.

மறுபக்கம், புதிதாக முளைத்த தனியார் வங்கிகளுக்கு அரசுக் கணக்குகளை நிர்வகிக்கும் உரிமை கிடைத்தது. ரஷ்ய அரசுக்கு அப்போது சரியான கருவூல அமைப்பு இல்லை. சம்பளத்துக்கும் மானியத்துக்கும் போக வேண்டிய வரிப்பணம் இந்த வங்கிகள் வழியாகவே போனது. சுங்கத் துறையின் பணம் விளாதிமிர் பொட்டானினின் ஓனெக்ஸிம் வங்கியில் இருந்தது. விலைவாசி தினமும் ஏறும் நாட்டில், ஆசிரியரின் சம்பளத்தை மூன்று வாரம் தாமதமாக அனுப்பினால், அந்த மூன்று வார லாபம் வங்கிக்கு. அரசின் பணத்தை வைத்தே அரசுக்குக் கடன் கொடுக்கும் அளவுக்கு அவர்கள் வளர்ந்தது இப்படித்தான்.

1995 மார்ச்சில் அமைச்சரவைக் கூட்டத்துக்கே போய் ஒரு யோசனையை முன்வைத்தார் பொட்டானின். அரசுக்குப் பணம் வேண்டும். வங்கிகள் கடன் தரும். ஈடாக எண்ணெய், உலோக நிறுவனங்களின் பங்குகளை வங்கிகளிடம் வைக்கலாம். 1996 செப்டம்பருக்குள் அரசு கடனைத் திருப்பாவிட்டால், அந்தப் பங்குகளை விற்கும் உரிமை வங்கிகளுக்கு வந்துவிடும். நகை அடகு வைத்தவர்களுக்கு இது விளங்கும்: தவணைக்குள் மீட்காவிட்டால் நகை மூழ்கிவிடும். ஒரே வித்தியாசம், இங்கே மீட்கும் எண்ணம் அரசுக்குத் தொடக்கத்திலிருந்தே இருந்ததாகத் தெரியவில்லை. ஆகஸ்ட் 31 அன்று யெல்த்சின் ஆணையில் கையெழுத்திட்டார்.

அதிகக் கடன் தருபவருக்கே பங்கு என்று ஏலம் அறிவிக்கப்பட்டது. ஏலத்தை நடத்தும் பொறுப்பும் அந்த வங்கிகளிடமே போனது. நவம்பர் 17 அன்று நடந்த நோரில்ஸ்க் நிக்கல் ஏலத்தைப் பாருங்கள். ஆர்க்டிக் வட்டத்துக்கு அப்பால், ஸ்டாலின் காலத்துக் கைதிகளின் உழைப்பில் எழுந்த நிறுவனம் அது. உலக நிக்கலில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு அங்கிருந்து வந்தது. அதன் 38 சதவீதப் பங்குக்கு ஆரம்ப விலை 17 கோடி டாலர். ரஷ்யன் கிரெடிட் வங்கியின் தரப்பு 35.5 கோடி டாலர் கேட்டது. அந்தத் தொகைக்கு வங்கியின் மூலதனம் ஈடாகாது என்று அந்தக் கேட்பு நிராகரிக்கப்பட்டது. வென்றது 17.01 கோடி டாலர் கேட்ட தரப்பு. அதாவது ஏலத்தை நடத்திய ஓனெக்ஸிம் வங்கியேதான்.

டிசம்பரில் யூகோஸ் எண்ணெய் நிறுவனத்தின் 45 சதவீதம், மிகைல் கோடர்கோவ்ஸ்கியின் மெனாடெப் வங்கித் தரப்புக்கு 15.9 கோடி டாலருக்குப் போனது. ஆரம்ப விலை 15 கோடி. சிப்நெஃப்ட் எண்ணெய் நிறுவனத்தின் 51 சதவீதம், தொழிலதிபர்கள் போரிஸ் பெரெசோவ்ஸ்கி, ரோமன் அப்ரமோவிச் தரப்புக்கு 10.03 கோடி டாலருக்குப் போனது. ஆரம்ப விலை 10 கோடி. பின்னாளில் இந்த இருவரும் லண்டன் நீதிமன்றத்தில் மோதிக்கொண்டபோது, அந்த ஏலம் முறைகேடாகத்தான் நடந்தது என்பதை அப்ரமோவிச்சின் வழக்கறிஞரே ஒப்புக்கொண்டார். நம் ஊர் டெண்டர்களில் ‘சிண்டிகேட்’ என்று சொல்வோமே, அதேதான். பொருள் மட்டும் ஒரு நாட்டின் நிலத்தடிச் செல்வம். 2005இல் சிப்நெஃப்ட்டின் சுமார் 73 சதவீதப் பங்கை அரசு நிறுவனமான காஸ்ப்ரோம் திரும்ப வாங்கியபோது கொடுத்த விலை 1,300 கோடி டாலருக்கும் மேல்.

இத்தனைக்கும் கடனாக வந்த பணத்திலும் சந்தேகம் இருந்தது. நிதியமைச்சகம் அதே வங்கிகளில் போட்டு வைத்திருந்த அரசுப் பணம், அவர்கள் தந்த கடனுக்கு ஏறத்தாழ ஈடாக இருந்ததை அரசின் தணிக்கை அமைப்பு பின்னர் சுட்டிக்காட்டியது.

இப்போது தேதிகளைப் பாருங்கள். ஏலம் 1995 இறுதியில். அதிபர் தேர்தல் 1996 ஜூனில். அடகு மூழ்கும் நாள் செப்டம்பரில். இடையில் கம்யூனிஸ்ட் தலைவர் கெனாடி ஜுகானோவ் வென்றுவிட்டால், கடனை அடைத்துவிட்டுப் பங்குகளைத் திரும்பக் கேட்பார். ஏலத்தையே ரத்து செய்யவும் கூடும். பிப்ரவரியில் டாவோஸ் பொருளாதார மாநாட்டில் ஜுகானோவுக்குக் கிடைத்த வரவேற்பைப் பார்த்த ரஷ்ய வங்கியாளர்களுக்குத் தூக்கம் போனது. அதுவரை எலியும் பூனையுமாக இருந்த பெரெசோவ்ஸ்கியும் விளாதிமிர் குசின்ஸ்கியும் அங்கேயே கை கோத்தார்கள். பிரசாரத்தை நடத்த சுபைஸ் அமர்த்தப்பட்டார். தனியார்மயத்தை நடத்தியவர், அதனால் பணக்காரர் ஆனவர்களின் செலவில் தேர்தலை நடத்த வந்தார்.

தொலைக்காட்சியின் முதல் அலைவரிசையான ஓஆர்டியில் பெரெசோவ்ஸ்கி வைத்ததே சட்டம். செச்னியப் போரின் கொடுமைகளைத் துணிந்து காட்டி நற்பெயர் எடுத்திருந்த என்டிவி தொலைக்காட்சி குசின்ஸ்கியுடையது. அதன் தலைவர் இகோர் மலஷென்கோ, பதவியில் இருந்துகொண்டே யெல்த்சினின் பிரசாரக் குழுவில் சேர்ந்தார். இந்தக் கதையில் எனக்கு மிகவும் வலிக்கும் இடம் இதுதான். ஏலத்தில் போனதற்குக் கணக்கு உண்டு. மக்கள் நம்பிய ஒரு செய்தி நிறுவனம் தன் நம்பகத்தன்மையைத் தானே எடுத்துக் கொடுத்ததற்குக் கணக்கே இல்லை. ஜுகானோவை அச்சுறுத்தும் பூதமாகக் காட்டும் வண்ணப் பத்திரிகை ஒன்று, கோடிப் பிரதிகள்வரை அச்சாகி இலவசமாக வீடுகளுக்குப் போனது. அன்றைய சட்டப்படி ஒரு வேட்பாளர் செலவழிக்கக்கூடியது சுமார் 30 லட்சம் டாலர்தான்.

ஜூன் 16 முதல் சுற்றில் யெல்த்சின் 35, ஜுகானோவ் 32 சதவீதம். மூன்று நாள் கழித்து, ஜெராக்ஸ் காகித அட்டைப் பெட்டியில் 5 லட்சம் டாலருக்கு மேல் ரொக்கத்துடன் அரசு மாளிகையிலிருந்து வெளியேறிய பிரசாரக் குழுவினர் இருவர் பிடிபட்டார்கள். மறுநாள் பதவி இழந்தவர்கள், அவர்களைப் பிடித்த பாதுகாப்புத் துறைத் தலைவர்கள். இரண்டாம் சுற்றுக்குச் சில நாள் முன்பு யெல்த்சினுக்கு மாரடைப்பு வந்தது. தொலைக்காட்சி மூச்சு விடவில்லை.

பலன் உடனே கிடைத்தது. ஆகஸ்டில் பொட்டானின் முதல் துணைப் பிரதமரானார். அக்டோபரில் பெரெசோவ்ஸ்கி பாதுகாப்பு மன்றத்தின் துணைச் செயலாளரானார். செப்டம்பர் வந்தது, அரசு கடனைத் திருப்பவில்லை, அடகு மூழ்கியது. 1997இல் நோரில்ஸ்க் பங்குகள் ‘விற்கப்பட்டபோது’ 25 கோடி டாலருக்கு வாங்கியதும் பொட்டானின் சார்ந்த நிறுவனம்தான். தன்னோடு சேர்த்து ஏழு தொழிலதிபர்கள் நாட்டின் பொருளாதாரத்தில் பாதியைக் கட்டுப்படுத்துவதாகப் பெரெசோவ்ஸ்கி ஒரு பிரிட்டிஷ் நாளிதழிடம் சொன்னார். அது மிகைதான், ஆனால் அதை ஒளிவுமறைவின்றிச் சொல்லும் துணிச்சல் அவருக்கு வந்திருந்தது.

அப்படிச் செய்யாவிட்டால் கம்யூனிஸ்டுகள் திரும்பியிருப்பார்கள் என்று சுபைஸ் பல ஆண்டுகள் வாதிட்டார். அந்த அச்சம் பொய்யில்லை. ஆனால் 1990இல் 64க்கு அருகில் இருந்த ரஷ்ய ஆண்களின் சராசரி ஆயுள் 1994இல் 58க்கும் கீழே போயிருந்தது. அந்த வீடுகளில் இருந்தவர்கள் ஆட்சியை மாற்ற நினைத்தது அவர்களின் உரிமை. அதைத் தடுக்க ஒரு சிலரிடம் நாட்டின் எண்ணெயையும் தொலைக்காட்சித் திரையையும் ஒப்படைத்ததை ஜனநாயகத்தைக் காப்பாற்றியதாக என்னால் ஏற்க முடியவில்லை.

2000இல் அதிபரான விளாதிமிர் புதின் இந்த நிலையை மாற்றினார் என்று பலர் சொல்வதுண்டு. அந்த ஆண்டு ஜூலை 28 அன்று பெருந்தொழிலதிபர்களைக் கிரெம்ளினுக்கு அழைத்துப் பேசினார். அரசியலில் தலையிடாவிட்டால் சொத்து பத்திரம் என்பதே அதன் சாரமாகப் புரிந்துகொள்ளப்பட்டது. குசின்ஸ்கியும் பெரெசோவ்ஸ்கியும் நாட்டை விட்டு வெளியேறினார்கள். கோடர்கோவ்ஸ்கி 2003 அக்டோபரில் நோவோசிபிர்ஸ்க் விமான நிலையத்தில் கைதானார். அவருடைய யூகோஸின் முக்கிய எண்ணெய்க் கிளை 2004 டிசம்பர் 19 அன்று ஏலத்துக்கு வந்தது. வாங்கியது, அதுவரை யாரும் கேள்விப்படாத, த்வேர் நகர முகவரி ஒன்றில் பதிவான ‘பைக்கால் ஃபைனான்ஸ் குரூப்’. விலை சுமார் 935 கோடி டாலர். சில நாட்களில் அந்த நிறுவனத்தையே அரசின் ரோஸ்நெஃப்ட் வாங்கிக்கொண்டது. முன்பு போட்ட அதே ஏல நாடகத்தை, இப்போது கிரெம்ளினே போட்டது. அதன்பிறகு அதிபரோடு ஜூடோ பழகியவரும் பழைய நண்பர்களும் அரசு ஒப்பந்தங்களால் பெரும் பணக்காரர்கள் ஆனார்கள்.

சொன்னபடி அடங்கி இருந்த பொட்டானின் கையில் நோரில்ஸ்க் நிக்கல் இன்றும் இருக்கிறது. 2020 மே மாதம் அதன் எண்ணெய்த் தொட்டி உடைந்து 20,000 டன்னுக்கும் மேலான டீசல் கொட்டியது; அம்பார்னயா ஆறு சிவந்து ஓடியது. நீதிமன்றம் விதித்த சுமார் 200 கோடி டாலர் இழப்பீட்டை நிறுவனம் 2021இல் கட்டியது. 1995இல் அந்த நிறுவனத்தின் பங்குகளை அடகு வைத்து அரசு வாங்கிய கடனைப்போல அது பத்து மடங்குக்கும் மேல்.