ஒரு அறை காலியாக இருக்கட்டும்

எங்கள் ஸ்டுடியோவுக்குப் பக்கத்தில் ஒரு காய்கறிக் கடை. அங்கே இருக்கிற மின்தராசில் ஒருநாள் என் கேமரா பையைத் தூக்கி வைத்தேன். வெண்டைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கடைக்காரத் தம்பி எண்ணைப் படித்தார்: "ஏழு கிலோ எழுநூத்தி நாப்பதுக்கா! இதையா நாள் பூரா தோள்ல போட்டுக்கிட்டு அலையிறீங்க?"

ஆமாம். மதுரையில் கல்யாண வீடுகளிலும் கோயில் திருவிழாக்களிலும் படம் எடுப்பது பத்தொன்பது வருடமாக என் தொழில். இடது தோளில் வார் பதிந்த தடம் இன்னும் போகவில்லை. ஆனாலும் பையை நிறுத்துப் பார்க்க வேண்டும் என்று அன்றுவரை எனக்குத் தோன்றியதில்லை. தோன்றவைத்தது ஒரு கொக்கி.

அதற்கு முந்தைய வாரம் சித்ரா பௌர்ணமி. அழகர் வைகையில் இறங்குவதைப் படமெடுக்க, விடியும் முன்பே ஆழ்வார்புரம் பக்கம் போய் நின்றிருந்தேன். தங்கக் குதிரை வாகனம் கண்ணில் பட்டதும் கூட்டம் மொத்தமாக முன்னே நகர்ந்தது. யாருடைய முழங்கையோ என் பையின் வாரில் மாட்டி இழுத்தது. வாரைப் பையோடு சேர்க்கிற உலோகக் கொக்கி முறிந்தது. பை நேராகத் தரையில் விழுந்தது. உள்ளே நின்றிருந்த 70-200 லென்ஸின் பின்பக்க வளையம் கோணிப்போனது. அதைச் சரிசெய்த செலவில் நல்ல பை ஒன்றே வாங்கியிருக்கலாம்.

உடைந்த கொக்கியை எடுத்துக்கொண்டு, பை தைக்கிற பாயிடம் போனேன். நாற்பது வருடமாகத் தோல் பையும் பள்ளிக்கூடப் பையும் தைத்த கை அவருடையது. முறிந்த இடத்தை வெளிச்சத்தில் காட்டினார். "இது பித்தளை இல்லம்மா, வெறும் வார்ப்பு. மேல பித்தளைக் கலரு பூசியிருக்கான். உள்ள பாருங்க, சாம்பல் கலரா மணல் மாதிரி இருக்கு. இது வளைஞ்சு காட்டாது. ஒரேடியா ஒடஞ்சிரும்." பிறகு வார் பையில் சேருகிற இடத்தை விரலால் தடவினார். "இங்க பெட்டி மாதிரி சுத்தித் தச்சு, நடுவுல பெருக்கல் குறி போட்டிருக்கணும். ரெண்டு வரி ஓட்டி விட்டுட்டான்."

அந்தப் பையை நான் வாங்கியபோது பார்த்தது ஒன்றே ஒன்று: எத்தனை லென்ஸ் பிடிக்கும்? அன்றிலிருந்து என் கேள்வி மாறிவிட்டது. நிரப்புவதற்கு வாங்குகிற பை வேறு, எடுப்பதற்கு வாங்குகிற பை வேறு. தொழில் செய்கிறவருக்கு வேண்டியது இரண்டாவது. அதை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று, தோள் வலித்துக் கற்றதை இங்கே சொல்கிறேன்.

எடைக் கணக்கு

முதலில் தராசுக் கணக்கு. என்னிடம் இருப்பது நிக்கான் டி850. பேட்டரியோடு 1,005 கிராம். இரண்டாவது கேமரா டி750, 840 கிராம். 24-70 லென்ஸ் 1,070, 70-200 லென்ஸ் 1,430, முகப்படங்களுக்கான 85 எம்எம் 350. ஃப்ளாஷும் அதற்குள் நாலு பென்சில் பேட்டரியும் ஏறக்குறைய 530. இவ்வளவும் சேர்ந்தால் 5 கிலோ 225 கிராம். மீதி இரண்டரைக் கிலோவில் பெரும்பங்கு எங்கிருந்து வந்தது?

எல்லாவற்றையும் எடுத்துவிட்டு வெறும் பையைத் தராசில் வைத்தேன். 1 கிலோ 900 கிராம்! கனமான ஃபோம், மூன்று ஜிப், ஆறு வெளிப்பை, தோல் அலங்காரம். பக்க அறைகளைக் குடைந்தபோது எப்போதோ போட்டு மறந்த சார்ஜர், யாருக்கும் கொடுக்காத விசிட்டிங் கார்டு கட்டு, தீர்ந்துபோன பேட்டரிகள் என்று 300 கிராம் வந்தது. பெரிய பை வாங்கினால் அதை நிரப்பாமல் நம் கை ஓயாது. அதனால் கடையில் நான் கேட்கிற முதல் கேள்வி, காலிப் பையின் எடை. என் அளவு சாமானுக்கு ஒரு கிலோவை ஒட்டியிருந்தால் நல்லது. ஒன்றரையைத் தாண்டினால் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

மீன்பிடிப் பையும் செய்தித்தாள் பையும்

தோள் பை என்கிற இந்தச் சாமானே வேலை செய்தவர்களின் தேவையிலிருந்து பிறந்ததுதான். 1970-களின் நடுவில் அமெரிக்காவில் 'பிலடெல்ஃபியா இன்கொயரர்' நாளிதழில் படமெடுத்துக்கொண்டிருந்தவர் ஜிம் டாம்கே. அப்போது கேமராவைக் கெட்டிப் பெட்டிகளில் வைத்துச் சுமப்பது சாதாரண வழக்கம். பெட்டியைக் கீழே வைத்து, பூட்டைத் திறந்து, லென்ஸை எடுப்பதற்குள் செய்தி நடந்து முடிந்துவிடும். தோளில் தொங்கும்போதே கை உள்ளே போகிற மாதிரி, மெத்தை அதிகம் இல்லாத கான்வாஸ் பை ஒன்றை அவர் உருவாக்கினார். எஃப்-2 என்று பெயர் பெற்ற அந்தப் பை இடுப்போடு படிந்து நிற்கும். அதன் வார் பையின் மேல் விளிம்போடு நிற்காமல் அடிப்பக்கமும் சுற்றிவரும். எடை துணியில் தொங்காமல் வாரிலேயே உட்காரும். வார் பையில் சேருகிற இடத்தைத் தடவிப் பாய் சொன்ன பாடமும் இதுதான்.

இன்னொன்று இங்கிலாந்தின் பில்லிங்ஹாம். மார்ட்டின் பில்லிங்ஹாம் 1973-இல் தொடங்கியபோது தைத்தது மீன்பிடிப்பவர்களுக்கான பைகளை. 70-களின் கடைசியில் நியூயார்க்கில் புகைப்படக்காரர்கள் அவற்றை வாங்கிக் கேமரா வைக்கிறார்கள் என்று தெரிந்த பிறகே கேமரா பைப் பக்கம் திரும்பினார்கள். இரண்டு துணிகளுக்கு நடுவே ரப்பரை வைத்து ஒட்டிய கான்வாஸ், உண்மையான பித்தளை, தோல் வார்ப்பட்டை ஆகியவை அதன் அடையாளம். விலை நம் ஊர்க் கல்யாணக் கேமராக்காரருக்குக் கட்டாது. ஆனால் அந்தப் பைகளில் எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்துகொண்டால், இரண்டாயிரம் ரூபாய்ப் பையிலும் அதைத் தேடலாம்.

தோள், இடுப்பு, கை

ஒரு தோளில் எடை தொங்கினால், வார் நழுவாமல் இருக்க அந்தத் தோளை நாமே அறியாமல் தூக்கிப் பிடிக்கிறோம். முதுகு எதிர்ப்பக்கம் சாய்கிறது. கழுத்திலிருந்து தோளுக்கு இறங்குகிற தசை முகூர்த்தம் முடிகிறவரை இறுகியே இருக்கிறது. குறுக்காக மாட்டினால் பை உடம்பை ஒட்டி நிற்கும், தோளைத் தூக்க வேண்டாம்.

வாரின் அகலம் முக்கியம். இரண்டரை சென்டிமீட்டர் வாரை ஐந்து சென்டிமீட்டராக்கினால், அதே எடை தோளில் அழுத்துகிற அழுத்தம் ஏறக்குறைய பாதியாகும். அதில் தைத்த மெத்தையைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். பொதபொதவென்று விரல் அடிவரை போனால் அது இரண்டு மாதத்தில் சப்பையாகிவிடும். அழுத்திய இடம் உடனே எழும்ப வேண்டும். பெண்களுக்கு இன்னொன்று சொல்ல வேண்டும்: குறுக்கு வார் மார்பை வெட்டாமல் நடுவில் போகிறதா என்று கடையிலேயே மாட்டிப் பாருங்கள். நான் சுடிதாரிலும் சேலையிலும் வேலை செய்கிறேன். வாரின் பக்கிள் முந்தானையில் மாட்டுகிறதா என்பதும் எனக்கு ஒரு சோதனை.

பையின் மேல் விளிம்பு இடுப்பு எலும்புக்கு நேராக நிற்கட்டும். அதற்குக் கீழே தொங்கினால் மண்டபத்துப் படி ஏறும்போது ஒவ்வொரு அடிக்கும் தொடையில் மோதும்.

அடுத்தது கை. கடைக்கு என் சாமான்களோடுதான் போகிறேன். எல்லாவற்றையும் அடுக்கி, பையை மாட்டி, கண்ணை மூடிக்கொண்டு லென்ஸ் மாற்றிப் பார்ப்பேன். ஒரு கையால் மூடி திறக்கிறதா? மூடி உடம்புக்கு வெளிப்புறமாக விழுந்தால் கை தடையில்லாமல் உள்ளே இறங்கும். உடம்புப் பக்கம் திறந்தால் மூடியைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருக்கும். உட்துணி கறுப்பாக இருந்தால் கறுப்பு லென்ஸ் மூடி தொலைந்துபோகும்; வெளிர்நிறம் வேண்டும்.

நான் பழக்கிவிடுகிற பிள்ளைகளிடம் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்று உண்டு: பையில் ஒரு அறை எப்போதும் காலியாக இருக்க வேண்டும். கேமராவிலிருந்து கழற்றிய லென்ஸ் போய் உட்கார அந்த இடம். அது இல்லையென்றால் ஒரு கையில் பழைய லென்ஸ், ஒரு கையில் புது லென்ஸ், கேமரா கழுத்தில் திறந்தவாக்கில் தொங்கும். அந்த நேரம் பார்த்து மூன்றாவது முடிச்சு விழுந்துவிடும். தாலியை இன்னொரு முறை கட்டச் சொல்லி எடுக்க முடியுமா?

சத்தத்தையும் கவனியுங்கள். வெல்க்ரோவைப் பிரிக்கிற 'சர்'ரென்ற சத்தம் மேளத்துக்கு நடுவே கேட்காது. தேவாலயத்தில் மணமக்கள் உறுதிமொழி சொல்லும்போது மொத்தச் சபையும் திரும்பிப் பார்க்கும். வெல்க்ரோவை மறைக்க ஒரு துணி மடிப்பு வைத்த பைகள் உண்டு. இல்லாவிட்டால் பாய் பத்து நிமிடத்தில் தைத்துக் கொடுப்பார்.

துணியும் தண்ணீரும்

பையில் '1000 டி' என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். டி என்றால் டெனியர், நூலின் கனத்துக்கான அளவு. 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராமோ அத்தனை டெனியர். அதாவது 1000 டெனியர் நூலை ஒன்பது கிலோமீட்டர் நீட்டினால் ஒரு கிலோ இருக்கும். எண் கூடினால் உரசலைத் தாங்கும், கூடவே கனமும் ஏறும்.

நைலான் பைகளின் உட்பக்கத்தில் தண்ணீர் புகாமல் இருக்க பாலியுரேத்தேன் பூச்சு இருக்கும். நம் ஊர் வெயிலும் ஈரமும் சேர்ந்தால் சில வருடங்களில் அது சிதையும். அலமாரியில் வைத்த பழைய பை பிசுபிசுவென்று ஒட்டுகிறதா, கறுப்புச் செதில் உதிர்கிறதா? அந்தப் பூச்சுதான். அந்தச் செதில் சென்சாரில் போய் விழும் முன் பையை மாற்றிவிடுங்கள். கான்வாஸ் நாளாக நாளாகக் குழைந்து உடம்போடு பழகும். ஆனால் நனைந்தால் காய நேரமாகும்.

அழகர் ராமராயர் மண்டபத்துக்கு வரும்போது பக்தர்கள் ஆட்டுத்தோல் பைகளிலிருந்து தண்ணீர் பீய்ச்சுவார்கள். மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் ஒரே நேரத்தில் வரும். அங்கே கண்டது இது: தண்ணீர் துணி வழியாக வருவதில்லை, ஜிப் வழியாகவும் தையல் துளை வழியாகவும் வருகிறது. ஆகவே ஜிப்புக்கு மேல் பக்கவாட்டிலும் இறங்குகிற மூடி வேண்டும். வீட்டிலேயே சோதிக்கலாம். பைக்குள் செய்தித்தாளைத் திணித்து, கொல்லையில் வைத்து, இரண்டு சொம்புத் தண்ணீரைச் சாய்வாக ஊற்றுங்கள். பத்து நிமிடம் கழித்துத் தாளை எடுத்துப் பாருங்கள். எங்கே நனைந்திருக்கிறதோ அங்கே பையின் பலவீனம் இருக்கிறது.

மழையில் நனைந்து வந்த பைக்குள் கேமராவை விட்டுத் தூங்கப் போகாதீர்கள். ஃபோம் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகையில் அப்படி மூடிவைத்த லென்ஸுக்குள் சிலந்தி வலை மாதிரி பூஞ்சை படரும். பை பயணத்துக்குத்தான். வீட்டில் கேமராவின் இடம், ரப்பர் விளிம்பு வைத்த டப்பாவில், சிலிக்கா ஜெல்லோடு. நீல ஜெல் இளஞ்சிவப்பானால் ஈரம் குடித்துவிட்டது என்று அர்த்தம். மிதமான சூட்டில் காயவைத்தால் மறுபடி நீலமாகும்.

தராசில் மறுபடியும்

போன மாதம் என்னோடு வேலை செய்கிற பெண் தன் முதல் சம்பளத்தில் பை வாங்கப் போனாள். "எந்த கம்பெனி வாங்கட்டும்க்கா?" என்று கேட்டாள். நான் கம்பெனி பெயர் சொல்லவில்லை. "கேமராவை எடுத்துக்கோ, பாயையும் ஒரு தடவை பார்த்துட்டுப் போ" என்றேன். மூன்று கடை ஏறி இறங்கினாள். கொக்கியைச் சுரண்டிப் பார்த்தாள், தையலை இழுத்துப் பார்த்தாள், கண்ணை மூடி லென்ஸ் மாற்றிப் பார்த்தாள். கடைசியில் நடுத்தர அளவில் ஒரு சாம்பல் நிறக் கான்வாஸ் பையோடு வந்தாள். நான் இப்போது வைத்திருப்பதும் அதே அளவுதான். 1 கிலோ 50 கிராம்.

பழைய பைக்கும் இதற்கும் வித்தியாசம் 850 கிராம். என் 85 எம்எம் லென்ஸ் இரண்டின் எடையைவிட அதிகம். குப்பை 300 கிராமும் போய்விட்டது. காய்கறிக் கடைத் தராசில் மறுபடியும் வைத்தேன். "ஆறு கிலோ ஐநூத்தி தொண்ணூறுக்கா" என்றார் தம்பி. வேலை தொடங்கியதும் டி850-உம் 24-70 லென்ஸும் கழுத்துக்கு வந்துவிடும். தோளில் மிஞ்சுவது நாலரைக் கிலோ. கேமராவும் லென்ஸும் எழுந்து வந்த இடம்தான் என் காலி அறை.

வைகாசி முகூர்த்தம் ஒன்றில் கெட்டிமேளம் தொடங்கிய பிறகு, தாலியைக் குனிந்து பார்க்கிற மணப்பெண்ணின் அம்மா கண்ணில் பட்டார். 24-70 கழன்று காலி அறைக்குள் இறங்கியது, 85 கைக்கு வந்தது. பையை நான் பார்க்கவே இல்லை. அந்த அம்மாவின் முகத்தை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.