தனிக்குடித்தனமும் சொத்துரிமையும்

பெற்றோர் இல்லம் விட்டுத் தனித்து வாழ்தலே சுதந்திரம் எனக் கருதப்படுகின்றது. யாழ்ப்பாணப் பெண்ணின் நிலையை நோக்குமிடத்து இக்கருத்து போதாததென்பதை நாம் உணர்கின்றோம். 1707இல் ஒல்லாந்தர் ஆட்சியில் தொகுக்கப்பெற்ற தேசவழமை, மகளின் சீதனத்தை அங்கீகரித்தது. சீதன வீட்டிலே தனிக்குடித்தனம் தொடங்கும் அவள் அதன் உரிமையாளரே. எனினும், யாழ்ப்பாணத்தவரின் விவாக உரிமைகள் குறித்து 1911இல் இயற்றப்பட்ட கட்டளைச்சட்டம், கணவனின் எழுத்துமூலச் சம்மதமோ நீதிமன்ற அனுமதியோ இன்றி அவ்வீட்டை அவள் விற்கவோ ஈடுவைக்கவோ இயலாதெனக் கட்டுப்படுத்தியது. கணவனின் சொத்துக்கோ மனைவியின் சம்மதம் வேண்டப்படவில்லை. உலை வேறாயினும் உறுதியில் ஒப்பமிடும் அதிகாரம் பிறர் கையிலேயே இருந்தது. எனவே, தனிவாழ்வு பற்றிய விவாதம் சொத்தைக் கையாளும் உரிமையிலிருந்தே தொடங்கப்படல் வேண்டும் என்பது எமது துணிபு.