நெல் விதை தேடியவர்

காட்டுயானம், பூங்கார், மாப்பிள்ளைச் சம்பா, குழியடிச்சான் என்பன நம் நாட்டுப் பழைய நெல்வகைகளுட் சில. யானையும் மறையுமளவு காட்டுயானம் ஓங்கி வளரும் என்பர். குழியடிச்சான் உவர்நிலத்திலும் விளையும். 1960களின் பிற்பகுதியில் குட்டை நெல்வகைகள் பரவின. விளைச்சல் பெருகி உணவுத் தட்டுப்பாடும் தணிந்தது. அதனை மறுத்தல் முறையன்று. எனினும், காவிரிக்கரை முதல் கணியூர்ப் பக்கத்து அமராவதிப் பாசனம் வரை பழைய வகைகள் வயலை விட்டு அகலலாயின. உவரைத் தாங்கும் நெல் ஒன்று அற்றுப்போயின், அதனை எங்கே போய்த் தேடுவது?

இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் 2003இல் காவிரிக்கரையில் நடைப்பயணம் மேற்கொண்டார். உடன் சென்றோருள் கட்டிமேடு ஜெயராமன் ஒருவர். வழியில் உழவர் அளித்த பழைய நெல் விதைகளைப் பெருக்கும் பணியை அவர் ஏற்றார்.

விதையைத் திரட்டினால் மட்டும் போதாது. குதிரில் கிடக்கும் நெல் சில ஆண்டுகளில் முளைப்புத்திறனை இழந்துவிடும். தில்லியிலுள்ள தேசிய மரபணு வங்கியில் உறைநிலைக்கும் மிகக் கீழான குளிரில் விதைகளைக் காக்கின்றனர். உழவர்க்கு அவ்வசதி ஏது? ஆதலின் ஜெயராமன் 2006 முதல் திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தினார். வந்தோர்க்கு 2 கிலோ விதை விலையின்றி வழங்கப்பட்டது. மறுஆண்டு அதனை 4 கிலோவாகத் திருப்பித் தருதல் வேண்டும். ஒருவர் வயல் வெள்ளத்தில் அழியினும் மற்றொருவர் களத்தில் அவ்விதை எஞ்சும்.

2018 டிசம்பரில் அவர் மறைந்தார். அதற்குள் 174 நெல்வகைகள் மீட்கப்பட்டிருந்தன. ‘நெல்’ ஜெயராமன் என்றே மக்கள் அவரை வழங்கினர்.