பட்டத்துக்குப் பிறகும் பாடம்

தளேகாவில் லோக்கல் ரயில் ஏறினால் புணே ஒரு மணி நேரப் பயணம்தான். கட்டடக் கலைஞர்களைப் பதிவு செய்யும் கட்டடக்கலை மன்றத்தின் பயிற்சி, ஆய்வு மையம் அங்கே இருக்கிறது.

1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி, மன்றத்தில் பதியாதவர் 'ஆர்க்கிடெக்ட்' என்று பலகை மாட்ட முடியாது. ஆனால் பலகை மாட்டியதும் படிப்பு முடிகிறதா? விதிகளும் மென்பொருளும் மாறிக்கொண்டே இருக்கின்றனவே!

கற்றதைப் பகிர்ந்துகொள்ளத் தொழில்காரர்கள் கூடிப் பேசும் பழக்கமும் பழையது. 1917-இல் பம்பாய் ஜே.ஜே. கலைப்பள்ளியின் முன்னாள் மாணவர்கள் தொடங்கிய சங்கமே 1929-இல் இந்தியக் கட்டடக் கலைஞர் கழகமாக வளர்ந்தது.

கையில் மண் ஒட்டக் கற்க, ஆரோவில். அங்கே மண் கட்டடங்களுக்கென்றே ஒரு பயிற்சிக் கழகம் உண்டு. ஏறக்குறைய 5 சதவீத சிமென்ட் கலந்த மண்ணை இயந்திரத்தில் அழுத்திக் கல்லாக்குகிறார்கள், சூளை கிடையாது. வரைபடம் போடுகிறவர்களும் கொத்தனார்களும் கற்க வருகிறார்கள். அந்தக் கல்லாலேயே கட்டிய ஆரோவில் பார்வையாளர் மையத்தைச் சுற்றுலா வருபவர்கள் பலர் கவனிக்காமலே கடந்துபோகிறார்கள்.