காந்த நாடாவும் வீட்டுக் கணிப்பொறியும்

ஒரு பொருளை ஆக்குதல் அரிது. ஆக்கியதனைக் கெடாது காத்தல் அதனினும் அரிது. இவ்வுண்மையை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். பனையோலை என்றும் நிற்பதன்று. கறையானும் ஈரமும் அதனைத் தின்றுவிடும். ஆதலின் பழைய ஏடு சிதையுமுன் புதிய ஏட்டில் படியெடுத்து வைத்தனர். படியெடுப்பாரைப் பெற்ற நூல்கள் பிழைத்தன. பெறாதன பெயரளவில் நின்றன. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியூட்டப்பட்டபொழுது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அவற்றுள் வேறு படியில்லாத சுவடிகள் மீளவேயில்லை.

இக்காலத்து ஏடு கணிப்பொறியே. அவிநாசியை அடுத்த சேவூரிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் பின்னலாடைத் தொழிலைச் சார்ந்து வாழும் குடும்பங்கள் பல. வீட்டின் ஓர் அறையிலேயே கணிப்பொறியை வைத்துப் பூவேலைப் படங்கள், அச்சு மாதிரிகள், கூலிக் கணக்கு, வரிக் கணக்கு ஆகியவற்றைச் சேர்த்து வைப்போர் உளர். தமிழ் பயிலும் எம்மனோரோ ஊர்ப் பாட்டிமாரின் கும்மிப் பாடல்களையும் தாலாட்டுகளையும் ஒலிப்பதிவு செய்து அதே பொறியில் இடுகின்றோம். கணக்கு அழியின் வருந்தியேனும் மீண்டும் எழுதலாம். பாடியவர் மறைந்தபின் அவர்தம் பாட்டை மீண்டும் யார் பாடித் தருவர்? ஹார்டு டிஸ்க் ஒன்று நின்றுபோகும் ஒரு கணத்தில் இவையனைத்தும் அழியக்கூடும். ஆகவே, பெருநிறுவனங்கள் கைக்கொள்ளும் காந்த நாடாவை வீட்டுக் கணிப்பொறியோடு இணைக்குமாற்றை ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

1928இல் பிரிட்ஸ் ப்ளூமர் என்னும் அறிஞர் ஜெர்மனியில் ஒலிப்பதிவுக்கெனக் காந்த நாடாவை அமைத்தார். 1951இல் யுனிவாக் கணிப்பொறியில் உலோக நாடா செய்திகளைத் தாங்கிற்று. இன்று பெரிதும் வழங்கும் எல்.டி.ஓ. என்னும் வகை 2000ஆம் ஆண்டில் தோன்றியது. முதல் தலைமுறை நாடாவின் கொள்ளளவு 100 கிகாபைட். 2017இல் வந்த எட்டாம் தலைமுறை நாடாவின் கொள்ளளவு 12 டெராபைட்.

உள்ளங்கையளவினதாகிய அப்பெட்டியுள் அரை அங்குல அகலமும் 960 மீட்டர் நீளமும் உடைய மெல்லிய நாடா சுருண்டு கிடக்கின்றது. அதன்மேல் 6,656 தடங்கள் நெடுக ஓடுகின்றன. எழுதும் தலை ஒருங்கே 32 தடங்களை எழுதும். நாடா ஒரு முனையினின்று மறுமுனைக்கு ஓடித் திரும்ப, இங்ஙனம் 208 ஓட்டங்களில் முழுதும் நிறைகின்றது. கொங்கு நாட்டு நெசவாளர் தறியிலோடும் குழலையும் 'நாடா' என்றே வழங்குவர். அந்நாடாவும் இந்நாடாவும் போய்ப்போய் வந்தே தம் பணியை முடித்தல் நோக்கி மகிழத்தக்கது.

இனி, இணைக்கும் முறையைக் கூறுவாம். முதற்கண் டேப் டிரைவின் தலைமுறையை அறிதல் வேண்டும். ஏழாம் தலைமுறை வரையிலான பொறிகள் தமக்கு முந்திய இரண்டு தலைமுறை நாடாக்களைப் படிக்கும். முந்திய ஒன்றில் மட்டுமே எழுதும். எட்டாவதும் ஒன்பதாவதும் முந்திய ஒன்றனை மட்டுமே ஏற்கும். பத்தாவதோ தன் தலைமுறை நாடாவையன்றிப் பிறிதொன்றை ஏலாது. இதனை எண்ணாது நாடா வாங்குவோர் பொருளிழப்பர்.

இப்பொறிகளுட் பெரும்பாலன எஸ்.ஏ.எஸ். என்னும் இணைப்பையுடையன. வீட்டுக் கணிப்பொறிகளில் அவ்வாயில் இராது. ஆதலின் கணிப்பொறியை நிறுத்தி, மின்கம்பியைப் பிடுங்கி, உலோகச் சட்டத்தைத் தொட்டு உடலின் நிலைமின்சாரத்தைப் போக்கிக்கொண்டு, மதர்போர்டில் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் துளையில் எஸ்.ஏ.எஸ். கார்டு ஒன்றைச் செருகுக. பல டிஸ்க்குகளை ஒன்றாக்கும் ரெய்டு கார்டு இதற்குப் பெரும்பாலும் பொருந்தாது. பின்னர்க் கார்டின் வாய்க்கும் பொறியின் வாய்க்கும் ஏற்ற கேபிளால் இரண்டையும் பிணைக்க. முதலில் டேப் டிரைவையும் பின்னர்க் கணிப்பொறியையும் இயக்குக. உரிய டிரைவர் மென்பொருளை நிறுவியபின் கணிப்பொறி அதனை அறிந்துகொள்ளும்.

2010இல் ஐந்தாம் தலைமுறையோடு வந்த எல்.டி.எப்.எஸ். என்னும் முறையால் நாடாவைப் பண்படுத்தின், அதிலுள்ள கோப்புகள் ஹார்டு டிஸ்க்கில் தோன்றுமாறு போலவே தோன்றும். ஆயினும் நடுவிலுள்ள ஒன்றைத் தேடுதற்கு நாடா ஓடியே தீரவேண்டுமாதலின் பொறுமை வேண்டும். எட்டாம் தலைமுறைப் பொறி நொடிக்கு ஏறத்தாழ 300 மெகாபைட் எழுதவல்லது. ஒரு நாடா நிறைய ஏறக்குறைய பதினொரு மணி நேரமாகும். கணிப்பொறி அவ்விரைவிற்கு ஈடுகொடாதாயின் பொறி தன் வேகத்தைத் தணிக்கும். மிகவும் தாழின், நின்று, பின்சென்று, மீண்டும் ஓடும். இதனால் நாடாவும் தலையும் தேய்வுறும். சிறு கோப்புகளை ஒரே தொகுப்பாகக் கட்டி எழுதுதல் இதற்கு நல்ல மருந்து.

நம் ஊரார் சிறப்பாக அஞ்சவேண்டியது பஞ்சுத் தூசியை. பின்னல் இயந்திரங்கள் ஓடும் கூடத்தில் டேப் டிரைவை வைத்தல் ஆகாது. தூசி எழுதும் தலையிற் படியும். தனியறையில் வைத்து, பொறி வேண்டும்பொழுது துப்புரவு நாடாவை இடுக. மின்தடைக்கு யு.பி.எஸ். இன்றியமையாதது. எழுதி முடித்த நாடாவின் காப்புத் தாழைத் தள்ளிவிடின் அதன்மேல் யாரும் எழுதவியலாது. பின்னர் அதனை வெயிலும் ஈரமும் அணுகாத இடத்தில் வைக்க.

எழுதியதோடு பணி முடிந்ததெனக் கருதற்க. 1998இல் பிக்சார் நிறுவனத்தார் 'டாய் ஸ்டோரி 2' என்னும் படத்தை ஆக்குங்கால் தவறான கட்டளையொன்றால் கோப்புகள் அழிந்தன. காப்புப் படிகளை நாடியபொழுதே அவை பழுதுற்றிருந்தமை வெளிப்பட்டது. வீட்டிலிருந்து பணிபுரிந்த ஓர் அம்மையாரின் கணிப்பொறியில் இருந்த படியே படத்தைக் காத்தது. மாறாக, 2011 பிப்ரவரியில் மென்பொருட் பிழையால் ஜிமெயிலில் சிலருடைய கடிதங்கள் மறைந்தபொழுது கூகிள் நிறுவனத்தார் நாடாக்களிலிருந்து அவற்றை மீட்டனர். ஆகவே, மாதந்தோறும் ஒரு கோப்பையேனும் நாடாவினின்று திருப்பி எடுத்துப் பார்த்தல் கடன்.

'டேப் டிரைவின் விலை மிகுதியன்றோ?' என வினவலாம். மெய்யே. சிறிதளவு கோப்புகளே உடையார்க்கு வெளி ஹார்டு டிஸ்க்குகள் இரண்டு போதும். பெருந்தொகுப்பு உடையார்க்கோ நாடா ஒவ்வொன்றும் மலிவாதலின் ஈற்றில் ஊதியமே. சில வீட்டார் கூடி ஒரு பொறியை வாங்கிப் பயன்கொள்ளலும் ஆகும். மேலும், பொறியினின்று எடுத்து அலமாரியில் வைத்த நாடாவை 2017இல் பரவிய வானாக்ரை போன்ற கணிப்பொறி நச்சுநிரல்கள் தீண்டமாட்டா.

மூன்று படிகள், இரு வகைப் பொருள்களில், ஒன்று வேற்றூரில் என்பது வல்லுநர் விதி. சேவூரில் எழுதிய நாடாவொன்று கோவையிலோ ஈரோட்டிலோ உறவினர் இல்லத்திலிருப்பின், தீயும் வெள்ளமும் ஒருங்கே இரண்டையும் கொள்ளா. நண்பர்காள்! ஏடு பெயர்த்தெழுதியோரின் உழைப்பால் நாம் இலக்கியம் பயில்கின்றோம். நம் பின்னோர்க்கு நம் ஊரின் பாட்டும் பேச்சும் கிடைக்க வேண்டுமாயின், படியெடுக்கும் அத்தொண்டை இன்றே தொடங்குவோமாக.